ஜூவுக்குப் போகிறோம் என்று சொல்லி

நம்ம தெரு வாட்சப் குழுவில் போன வாரம் திருவனந்தபுரம் ஜூவின் படங்களைப் போட்டீர்கள். பழைய வாசல், பெரிய மரங்கள், வாயைப் பிளந்த நீர்யானை. ஆளாளுக்குக் கைதட்டும் பூவும் அனுப்பினீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. “அவளுக்கு இப்பல்லாம் தலைக்கனம்” என்று ஒருத்தி எழுதியதையும் பார்த்துவிட்டேன். தலைக்கனமெல்லாம் இல்லை மக்கா. இதை அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஒற்றை விரலால் தட்டிச் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் வழக்கம்போலப் பூ போட்டுவிட்டுப் போங்கள்.

சங்கரன்கோவிலில் நம்ம தெருவில் பிறந்த நீங்களும் நானும் வெளிநாட்டு வாப்பாக்களின் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு வாப்பா சவுதியிலோ துபாயிலோ இருந்தார். எந்த வீட்டுக்கு எப்போது ஆள் வருகிறார் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கண்ணேறு பட்டுவிடும் என்று ஒரு பயம். சொன்னால் அதைக் கொண்டா இதைக் கொண்டா என்று தெருவே வாசலில் நிற்கும் என்று இன்னொரு பயம். ஆனால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போக வேன் பிடித்தாக வேண்டும். பள்ளிவாசல் பக்கத்தில் அதிகாலையில் ஒரு வேன் வந்து நின்று, வீட்டோடு எல்லோரும் குளித்துக் கிளம்பி ஏறினால் யார் கண்ணிலும் படாமல் இருக்குமா? அதற்காகத்தான் அந்தப் பதில். “பிள்ளைகளுக்கு ஜூ காட்டப் போறோம்.”

யார் வீட்டில் முதலில் இப்படிச் சொன்னார்களோ தெரியாது. பிறகு எல்லா வீட்டிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. கேட்டவர்களும் மரியாதையாக, “நல்லா பார்த்துட்டு வாங்க, சிங்கத்துக்கு எங்க சலாமைச் சொல்லுங்க” என்று வழியனுப்புவார்கள். சாயங்காலம் அதே வேன் கூரை முழுக்க அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வரும். பெட்டிகளின்மேல் பெயின்ட்டில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். முன் இருக்கையில் சென்ட் வாசத்தோடு ஒரு வாப்பா இருப்பார். அப்போதும் ஜூ எப்படி இருந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கணக்குப் பார்த்தால் நம்ம தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஜூவுக்குப் போனவர்கள்தாம். ஒருத்தரும் ஒரு மிருகத்தையும் பார்த்ததில்லை. ஒரு தடவை வாப்பா வந்தபோது நானும் நம்பிப் போனேன். ஏர்போர்ட்டின் வெளிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாப்பா வந்தார், தூக்கினார், முத்தம் கொடுத்தார். திரும்பி வரும்போது என் இடத்தில் டேப்ரெக்கார்டர் பெட்டி இருந்தது. நான் வாப்பாவின் கூடப்பிறந்த தம்பி, என் சாச்சா மடியில் உட்கார்ந்து வந்தேன். செங்கோட்டை தாண்டியதும், “புலி எங்க?” என்று கேட்டேன். வேனே சிரித்தது. வாப்பா மட்டும் திரும்பி, “அடுத்த தடவை கண்டிப்பா” என்றார். அந்த அடுத்த தடவையைத்தான் இப்போது சொல்கிறேன்.

அது முழுப்பரீட்சை முடிந்த லீவு. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். தம்பி அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தான். வாப்பாவின் சவுதி ஒப்பந்தக் கெடு முடிகிற நேரம். ஆனால் நோன்புக்கு முன்னால் வந்த கடிதத்தோடு சரி, அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. பெருநாள் வந்தது, போனது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் உம்மா கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது குனிந்துகொள்வார். பாவம், அவர் என்ன செய்வார்.

ஒரு நாள் சாச்சா ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாச்சா அடுத்த தெருவில் தறி போட்டிருந்தார். வந்த ஆள் கடையநல்லூர்க்காரர், வாப்பாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் அவளுக்குத் தெரியாமல் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“கம்பெனிய மூடிட்டாங்க தங்கச்சி. அரபி பாஸ்போர்ட்டைக் குடுக்க மாட்டேங்கான். நான் எப்படியோ தப்பி வந்துட்டேன். கொஞ்சப் பேரை போலீஸ் கூட்டிட்டுப் போனதா பேச்சு. மச்சான் அதுல இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியல.”

“உசுரோட இருக்காங்களா?” என்று உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“அல்லாஹ் காப்பாத்துவான்” என்றார் அவர். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது.

போகும்போது சாச்சா, “பிள்ளைகளுக்குத் தெரியாண்டாம் மதினி” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாவு டின்னுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்பது இருவருக்கும் தெரியாது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் மறைப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நாம் தெரியாததுபோல இருந்து கொடுக்கிறோம். நீங்களும் அப்படித்தானே இருந்தீர்கள்?

தம்பி மட்டும் நடிக்கத் தெரியாதவன். ஒரு நாள் மத்தியானம் அவனைக் காணவில்லை. தேடிப் போனால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான். தென்காசி பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்குகிற ஒவ்வொருத்தரிடமும், “எங்க வாப்பாவைப் பார்த்தீங்களா? உங்க கூட வாராங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவர் சிரித்தார். ஒருவர் அவன் கையில் மிட்டாய் கொடுத்திருந்தார். உம்மா அவனை இழுத்துக்கொண்டு வந்து, அடிக்கப்போகிறாள் என்று நான் நினைத்தபோது, முகத்தைக் கழுவிவிட்டாள். துடைத்துக்கொண்டே, “ஜூவுக்குப் போவோமால?” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜூ என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? வாப்பா வருகிறார்!

“நெசம்மா ஜூவுக்கா உம்மா?”

“நெசம்மா.”

“அல்லாஹ் மேல ஆணையா?”

“ஏட்டி, போய் வேலையப் பாரு.”

ஆணை இடவில்லை. ஜூ என்பது பொய் என்று தெரிய எனக்கு அது போதும். அன்று ராத்திரி தம்பியைவிட நான்தான் அதிகம் சாப்பிட்டேன்.

மறுநாள் வேன் டிரைவர் அண்ணாச்சியை உம்மா வரச்சொன்னாள். நம்ம தெரு ஏர்போர்ட் சவாரி முழுவதும் அவர் கையில்தான். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. எத்தனையோ வாப்பாக்களைக் கொண்டுவந்து வீடு சேர்த்தவர்.

“என்னைக்கு தாயி போவணும்?”

“புதன்கிழமை. அண்ணாச்சி, அந்த ஜூ என்னைக்கு லீவு?”

அவர் தலையைச் சொறிந்தார். “இத்தனை வருசமா இந்தத் தெருவுல இருந்து ஜூவுக்குத்தான் வண்டி ஓட்டுதேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்ல தாயி.”

“கேட்டுச் சொல்லுங்க.”

அவரும் யாரிடமோ விசாரித்து வந்து திங்கட்கிழமைதான் லீவு, புதன்கிழமை தைரியமாகப் போகலாம் என்றார். இந்தச் செய்தி தெருவில் பரவியபோது எல்லோரும் உம்மாவின் சாமர்த்தியத்தை வியந்தார்கள். லீவு நாளைக்கூட விசாரித்து எவ்வளவு நேர்த்தியாக ஜோடிக்கிறாள்! அதுமட்டுமில்லை, போன தடவை வாப்பா வந்ததும் புதன்கிழமை விமானத்தில்தான். இதற்குமேல் என்ன வேண்டும்?

பக்கத்து வீட்டு மாமி அன்றைக்கே சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள். “சிங்கத்துகிட்ட சொல்லி எனக்கொரு கோடாலித் தைலம் வாங்கியாட்டி. முட்டுவலி உசுரை வாங்குது.”

“மாமி, நெசமாவே ஜூவுக்குத்தான் போறோம். அவங்க வரல.”

“சரிட்டி, சரி. நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?”

“அவங்க வாரதா தகவலே இல்ல மாமி. பிள்ளை ஏங்கிப்போய்க் கெடக்கான், அதுக்காகப் போறோம்.”

மாமி கண்ணைச் சிமிட்டினாள். உம்மா எவ்வளவு மறுத்தாளோ அவ்வளவு உறுதியானது. எல்லா வீட்டிலும் இப்படித்தானே மறுப்பார்கள். ஆள் வருகிற வீட்டில்தான் ஆள் வரவில்லை என்று அடித்துச் சொல்வார்கள். உம்மா சொன்னது உண்மை என்பதை நம்புவதற்கு அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் வழி தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

சாச்சாதான் ரொம்ப வருத்தப்பட்டார். சாயங்காலம் வந்து, நடுவீட்டில் நின்றபடியே கேட்டார்.

“எங்கிட்டகூட மறைக்கீங்களே மதினி. அந்தாளு சொன்னதைக் கேட்டதுலேருந்து நான் சோறு தின்னேனா, தூங்குனேனா? அண்ணன் வாராங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட சொல்லாமலா இருப்பேன்?”

“தகவல் வந்துச்சா இல்லையா?”

“வரல.”

சாச்சா உம்மாவையே பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. கண்ணேறுக்குப் பயந்துதான் மதினி வாயைத் திறக்கவில்லை என்று அவராக முடிவு செய்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, நான் ஒண்ணும் கேக்கல” என்று சிரித்தார். அடுத்த நாள் காலையில் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்துவிட்டது. உம்மா வேண்டாம் என்றாள். வீடு அழுக்காத்தானே இருக்கு, அடிக்கட்டும் என்றார் சாச்சா. மத்தியானம் பிரியாணி மாஸ்டர் வந்து அடுப்பு எங்கே மூட்டலாம் என்று முற்றத்தைப் பார்த்தார். உம்மா அவரைத் திருப்பி அனுப்பினாள். சாச்சா தெருமுனையில் வைத்து அவரிடம் மறுபடியும் சொல்லிவிட்டார்.

அந்தச் சுண்ணாம்பு வாசத்துக்கு நடுவில் உம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. வெட்கம் என்று அப்போது நினைத்தேன். அவள் பயந்து போயிருந்தாள் என்பது இப்போதுதான் புரிகிறது. வேனை நிறுத்தினால் தெரு என்ன சொல்லும்? வருவதாக இருந்த ஆள் வரவில்லை, ஏதோ ஆகிவிட்டது, ஜெயில் என்று சொல்லும். போய்விட்டு வெறும் வேனோடு திரும்பினாலும் அதையேதான் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் தம்பி பென்சிலால் தரையெல்லாம் புலி வரைந்துகொண்டிருந்தான். ஒரு பிள்ளையின் ஏக்கத்தைத் தீர்க்க வாயிலிருந்து விழுந்த ஒரு சொல், அவளை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் பையைக் கட்டும்போது நான் உளவு பார்த்தேன். புளிச்சோறு, தண்ணீர்க் கேன், தம்பிக்கு மாற்றுச் சட்டை. கடைசியில் அலமாரியைத் திறந்து வாப்பாவின் கைலி ஒன்றை எடுத்து, மடித்து, துண்டுக்குக் கீழே வைத்தாள். விமானத்தில் வருகிறவருக்கு மாற்றிக்கொள்ளக் கைலி கொண்டுபோவது எல்லா வீட்டிலும் உண்டு. ஜூவுக்குப் போகிறவளுக்குக் கைலி எதற்கு? நான் ஓடிப்போய்ப் பாயில் படுத்துப் போர்வைக்குள் சிரித்தேன்.

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். உம்மா, நான், தம்பி, டிரைவர் அண்ணாச்சி, அவ்வளவுதான். சாச்சா வருகிறேன் என்று நின்றார். உம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றுவிட்டாள். “பெட்டி வைக்க எடம் வேணும்லா, மதினி சொல்லுதது சரிதான்” என்று அவரே சமாதானம் ஆனார். புளியங்குடி தாண்டும்போது எலுமிச்சை மூட்டை ஏற்றிய லாரிகள் எதிரே வந்தன. தென்காசியில் டீ. செங்கோட்டைக்கு மேலே மலைப்பாதையின் வளைவுகளில் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து வாந்தி எடுத்தான்.  குளத்துப்புழை, நெடுமங்காடு என்று பலகைகள் மலையாளத்துக்கு மாறின.

நகரத்துக்குள் நுழைந்ததும் அண்ணாச்சி கண்ணாடியில் உம்மாவைப் பார்த்துக் கேட்டார். “தாயி, நேரே ஏர்போர்ட்டுக்கு விட்டுரட்டா?”

“ஜூவுக்கு விடுங்க அண்ணாச்சி.”

“அது சரி. மொதல்ல அங்கன போயிட்டு...”

“ஜூவுக்குத்தான்.”

அண்ணாச்சி வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பி எங்கள் மூவரையும் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியது என்று நினைக்கிறேன். கியரைப் போட்டு வலது பக்கம் திரும்பினார். 

ராஜா காலத்துத் தோட்டம் அது. வானத்தை மறைக்கிற மரங்கள், ஏறியும் இறங்கியும் போகிற பாதைகள், ஈர மண்ணோடு கலந்த மிருக வாடை. உள்ளே எங்கிருந்தோ ஏதோ ஒன்று உறுமியது. தம்பி உம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினான். புலி இருந்தது. நிஜமான புலி, நிழலில் படுத்துக் காதை ஆட்டிக்கொண்டிருந்தது. தம்பி அந்தக் கம்பிக்கு முன்னால் மூச்சு விடாமல் நின்றான். நம்ம தெருவிலிருந்து ஜூவுக்கு வந்து ஜூவைப் பார்த்த முதல் பிள்ளை அவன்தான். நான் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. நீர்யானை தண்ணீருக்குள் இருந்ததா வெளியே இருந்ததா என்று நீங்கள் கேட்டால் எனக்குத் தெரியாது. உம்மாவின் தோளில் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குரங்குக் கூண்டுப் பக்கம் நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. மரங்களுக்கு மேலே, தாழ்வாக, இறங்குகிற விமானம். எல்லோரும் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உம்மா மட்டும் அண்ணாந்து பார்த்தாள். சத்தம் ஓய்ந்த பிறகும் பார்த்தபடியே நின்றாள்.

அண்ணாச்சி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “புதன்கிழமை பிளேன் அதுதான் தாயி. பத்து நிமிசத்துல கொண்டு விட்டுருவேன். ஆளுக வெளிய வர நேரமாகும். ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துருவோமா?”

உம்மா வாசல் பக்கம் நடந்தாள். வேகமாக நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். பாதி வழியில் நின்றுவிட்டாள். பிறகு ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“வந்தா வரட்டும்னுதான் அண்ணாச்சி புதன்கிழமை பார்த்தேன்” என்றாள். “இங்கன வந்ததும் காலு வர மாட்டேங்குது. அங்கன போய்க் கம்பியப் பிடிச்சு நின்னு, எல்லா ஆளும் வந்து முடிஞ்சு, அவங்க வரலேன்னா? இந்தச் சின்னவன் எல்லா ஆளுகிட்டயும் போய் எங்க வாப்பாவைப் பார்த்தீங்களான்னு கேப்பான் அண்ணாச்சி. என்னால அதைப் பார்க்க முடியாது.”

“உம்மா, போவோம் உம்மா” என்றேன்.

“யாரு வாராங்கன்னு போவ?”

“வாப்பா வாராங்கன்னு நீ சொல்லேன்!”

“தெரிஞ்சாத்தானட்டி சொல்லுவேன்.”

நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். யாரோ ஒரு மலையாளத்துக்காரம்மா என்னவோ கேட்டுவிட்டுப் போனாள். உம்மா என்னைச் சமாதானம் செய்யவில்லை. தம்பி ஓடிவந்து கரடி இருக்கிறது, வா என்று அவள் சேலையை இழுத்தான். அவள் எழுந்து கரடியைப் பார்க்கப் போனாள். அந்த நிமிஷம் நான் உம்மாவை வெறுத்தேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன, மனதார வெறுத்தேன்.

புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் திரும்பினோம். மலை இறங்கும்போது தம்பி என் மடியில் தூங்கிவிட்டான். கடையநல்லூர் தாண்டியதும் உம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். முகத்தைத் துடைத்தாள். தெருவுக்குப் பதில் சொல்லத் தன்னைத் தயார் செய்துகொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கோபத்தை மீறி எனக்கு அவளை நினைத்துப் பயமாக இருந்தது.

வேன் தெருவுக்குள் திரும்பியபோது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. வெள்ளையடித்த வீட்டு முன்னால் கூட்டம். முற்றத்தில் பிரியாணி தேக்சா. ஆனால் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. வழக்கமாகப் பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் ஓடிவருவார்கள், அன்றைக்கு ஓடி வரவில்லை. எல்லோரும் வேனின் மொட்டைக் கூரையைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். சாச்சா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அழுதிருந்தார்.

“மதினி, அண்ணன் வந்துட்டாங்க.”

உம்மா வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“சாயங்காலம் அஸர் பாங்குக்கே வந்துட்டாங்க. பஸ்ஸுல வந்து எறங்கி, தனியா நடந்து வாராங்க. வந்ததும் உள்ள போய்ச் செவத்தைப் பார்த்துப் படுத்தவங்கதான். ஒரு வார்த்தை பேசல.”

பக்கத்து வீட்டு மாமி முன்னால் வந்தாள். “நீங்க கூப்பிடத்தானட்டி போனீங்க? அவுக எதுக்குத் தனியா வரணும்? கையில ஒரே ஒரு பை. பெட்டி கிட்டி ஒண்ணையும் காணமே?”

தெரு முழுக்கப் பதிலுக்குக் காத்திருந்தது. உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மனிதர் இனி இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பாரா மாட்டாரா என்பது உம்மா அடுத்துச் சொல்லப்போகும் வார்த்தையில் இருந்தது. எனக்கு அது தெரிந்தது, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

உம்மா சிரித்தாள். “நான்தான் மாமி பஸ் ஏத்தி விட்டேன். பிளேன்ல வந்த அசதி, தலைவலி வேற. இவன் ஜூவைப் பார்த்தாத்தான் ஆச்சுன்னு உருண்டு பெரண்டு அழுதான். நீங்க முன்னால போய்ப் படுங்கன்னு அனுப்பி வச்சேன். சாமானெல்லாம் கப்பல்ல போட்டிருக்காங்க, தூத்துக்குடிக்கு வந்து சேரும்.”

தம்பி தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “வாப்பாவா? நாம எங்க வாப்...” என்று ஆரம்பித்தான். நான் அவன் வாயைப் பொத்தினேன். அவன் கடித்தான். நான் கையை எடுக்கவில்லை.

எல்லோருடைய கண்ணும் டிரைவர் அண்ணாச்சியிடம் போனது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “நான்தானய்யா தம்பானூர்ல பஸ்ஸுக்குக் கொண்டு விட்டேன்” என்றார். “பாவம், மனுசன் நிக்க முடியாம நின்னாரு.”

அவ்வளவுதான். தெரு மூச்சு விட்டது. “நான் அப்பவே சொன்னேன்லா, ஏர்போர்ட்டுக்குத்தான் போறாங்கன்னு” என்றாள் மாமி. ஒரு வாரமாக உண்மையைச் சொன்ன உம்மாவை நம்பாத தெரு, அவள் சொன்ன பொய்யை அந்த இடத்திலேயே நம்பியது. தேக்சா மூடியைத் திறந்தார்கள். சாச்சா எல்லோருக்கும் பரிமாறினார்.

உள்ளே போனபோது வாப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் பேசியது எல்லாம் கேட்டிருக்க வேண்டும். தாடி நரைத்திருந்தது. சட்டைக்குள் உடம்பு எங்கேயோ இருந்தது. தம்பி கொஞ்சம் தயங்கி, பிறகு பாய்ந்தான். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். சென்ட் வாசம் இல்லை, பஸ் புகையும் வியர்வையும்தான். என் வாப்பா உயிரோடு வந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக என் வாழ்க்கையில் பின்னால் வேறு ஒன்றும் வரவில்லை. கல்யாணம், பிள்ளை பிறந்தது எல்லாம் அதற்குக் கீழேதான்.

ஆட்கள் போன பிறகு நாங்கள் நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். தம்பி புலி எப்படிக் காதை ஆட்டியது என்று ஆட்டிக் காட்டினான். கரடி, பாம்பு, பிறகு, “தலைக்கு மேல பிளேன் போச்சு வாப்பா, இவ்வளவு பெருசு!” என்றான்.

வாப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

“எப்ப?” என்று கேட்டார்.

பிறகு அவரே பேசினார். “எம்பஸிக்காரங்கதான் டிக்கெட் போட்டு ஏத்தி விட்டாங்க. சொல்லி அனுப்பிட்டு வாரதுக்கு எங்கிட்ட என்ன இருந்துச்சு? வெளிய வரும்போது எனக்குன்னு ஒருத்தரும் நிக்கமாட்டாங்கன்னு தெரியும். நான்தான் சொல்லலையே. ஆனாலும் அந்தக் கம்பியோரமா ஒருக்கா, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துட்டுத்தான் நடந்தேன்.”

நான் உம்மாவைப் பார்த்தேன். அந்தப் பெஞ்சில் அழுதபோது இருந்த கோபம் முழுவதும் எனக்குள் தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை.

“பக்கத்துலதான் இருந்தேன்” என்றாள் உம்மா. “அண்ணாச்சி கூப்பிட்டாரு. எந்திரிச்சுக்கூட நடந்தேன். நீங்க இல்லேன்னா இந்தப் பிள்ளைகளை என்ன செய்வேன்னு பயந்துட்டேன்.”

“வராததும் நல்லதுதான்” என்றார் வாப்பா. “வெறுங்கையோட வந்து நிக்கிறவனை நீ வேற பார்த்துக்கிட்டு.”

“உங்க கையைப் பார்க்கவா நான் வந்திருப்பேன்?”

வாப்பா பிசைந்த சோற்றையே வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தார்.